மனச்சோர்வில் இருப்பவருக்கு அன்றாட வேலைகள்கூட ஏன் மலைப்பாகிவிடுகின்றன?

கேள்வி: இளவல்

என் அக்காவுக்கு மனச்சோர்வு இருப்பதாக மனநல மருத்துவர் கண்டறிந்து, சில வாரங்களுக்கு முன் மாத்திரை தொடங்கியிருக்கிறார். அம்மா, அக்கா, நான் மூவரும் ஒரே வீட்டில் வசிக்கிறோம். இந்த நோய் வந்தவர் எந்நேரமும் அழுதுகொண்டிருப்பார் என்றுதான் நாங்கள் இதுவரை நினைத்திருந்தோம். அக்கா அழுது நான் பார்க்கவே இல்லை. துவைக்கும் இயந்திரத்தில் போட்ட துணியை எடுத்துக் காயப்போடாமல் விட்டுவிடுகிறார். அது நாற்றமடித்த பிறகு மறுபடியும் துவைக்கிறார். மறுபடியும் எடுக்காமல் விடுகிறார். குளித்து இரண்டு மூன்று நாட்கள் ஆகிவிடுகின்றன. நெருங்கிய தோழிகளின் அழைப்பைக்கூட எடுப்பதில்லை. முன்பு விடியும்வரை புத்தகம் படித்தவர், இப்போது ஒரே பக்கத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

ஆனால் அலுவலகத்துக்குப் போய்வருகிறார். அங்கே வழக்கம்போல் சிரித்துப் பேசுவதாக அவருடன் வேலை பார்ப்பவர் ஒருவர் சொன்னார். வீடு திரும்பியதும், தோளில் மாட்டிய பையைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் சாய்கிறார். "வெளியில் முடிகிறது, வீட்டில் மட்டும் முடியவில்லையா?" என்று அம்மா என்னிடம் கேட்கிறார். அதில் கோபத்தைவிடக் குழப்பமும் கவலையும்தான் அதிகம் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை.

இந்த நோய் ஒருவருடைய அன்றாட வாழ்க்கையில் உண்மையில் என்ன செய்கிறது? சோம்பலிலிருந்து இதை எப்படிப் பிரித்தறிவது? வீட்டில் இருப்பவர்கள் செய்யக்கூடியது என்ன, செய்யக் கூடாதது என்ன?

பதில்: நெடுவழி

நான் இந்த நோயிலிருந்து மீண்டவள். ஒருமுறை மீண்ட பிறகு அது திரும்பி வந்து, மறுபடியும் மீண்டவள். எனவே உங்கள் அம்மாவின் கேள்விக்கு உள்ளிருந்து பதில் சொல்ல முயல்கிறேன்.

குளிப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு அது ஒரே வேலை. எனக்கு அந்த மாதங்களில் அது ஒரு நீண்ட வரிசையாக இருந்தது. போர்வையை விலக்க வேண்டும், எழுந்து உட்கார வேண்டும், மாற்றுத் துணி எது என்று முடிவு செய்ய வேண்டும், துண்டு எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும், குழாயைத் திறந்துவிட்டு நிற்க வேண்டும், தலைக்கு ஊற்றிக்கொள்வதா வேண்டாமா என்று யோசிக்க வேண்டும், பிறகு ஈரம் துவட்டி மறுபடியும் உடுத்த வேண்டும். நலமாக இருக்கும்போது இவற்றில் எதுவும் நம் கவனத்துக்கே வருவதில்லை. கை தானாகச் செய்துவிடும். நோயில் அந்தத் 'தானாக' என்பதுதான் முதலில் போய்விடுகிறது. பல் துலக்கியில் பற்பசையை வைத்துவிட்டு, அதை வாய்க்குக் கொண்டுபோகாமல் கண்ணாடி முன் வெறுமனே நின்றிருக்கிறேன். அந்தக் கணத்தில் என்னிடம் துக்கம் எதுவும் இல்லை. அடுத்த அசைவு வரவில்லை, அவ்வளவுதான்.

தோழிகளின் அழைப்பை எடுக்காததற்கும் ஒரு காரணம் சொல்கிறேன். "எப்படி இருக்கிறாய்?" என்று ஒருத்தி செய்தி அனுப்பியிருப்பாள். உண்மையைச் சொன்னால் அவள் பதறிப்போவாள். நன்றாக இருக்கிறேன் என்றால் அது பொய். இரண்டுக்கும் நடுவில் ஒரு வாக்கியம் அமைக்கும் தெம்பு எனக்கு இருக்காது. நாளைக்கு எழுதலாம் என்று விட்டுவிடுவேன். மறுநாள் பதிலோடு தாமதத்துக்கான விளக்கமும் சேர்ந்துகொள்ளும். ஒரு வாரம் போனால் மன்னிப்பும் கேட்க வேண்டியிருக்கும். இப்படி வட்டி ஏறிக்கொண்டே போய், கடைசியில் அவள் பெயரைத் திரையில் கண்டாலே நெஞ்சு படபடக்கும். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு நான் அவளை ஒதுக்கியதுபோல் தெரிந்திருக்கும். அவளை நினைக்காமல் ஒரு நாளும் கழிந்ததில்லை.

சோம்பலோடு ஒப்பிட்டுக் கேட்டிருக்கிறீர்கள். சோம்பலில் ஒரு சுகம் உண்டு. வேலையைத் தட்டிக்கழித்துவிட்டுப் படுத்திருப்பவர் அந்தப் படுக்கையை அனுபவிப்பார்; தனக்குப் பிடித்த ஒன்று வந்தால் சட்டென்று எழுந்துகொள்வார். மனச்சோர்வில் படுத்திருப்பவருக்கு அந்தப் படுக்கை ஓய்வைத் தருவதில்லை. செய்யாமல் விட்ட வேலைகள் எல்லாம் தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும், ஒவ்வொன்றும் தன்னையே குற்றம் சாட்டும், கையும் ஓடாது காலும் ஓடாது. அதைவிட முக்கியமானது, ஆசை ஆசையாகச் செய்துவந்தவற்றையும் செய்ய முடியாது என்பது. உங்கள் அக்காவின் புத்தகத்தைப் பாருங்கள். படிக்கச் சொல்லி யாரும் அவரை வற்புறுத்தவில்லையே.

அலுவலகத்தைப் பற்றி அம்மாவிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள். அங்கே எத்தனை மணிக்கு வர வேண்டும், எங்கே உட்கார வேண்டும், அடுத்து எதைச் செய்ய வேண்டும் என்பதையெல்லாம் வேறு யாரோ ஏற்கெனவே முடிவு செய்து வைத்திருக்கிறார்கள். வேலை போய்விடுமோ என்ற அச்சமும் சேர்ந்து ஆளைத் தள்ளிக்கொண்டு போகிறது. வீட்டில் ஒவ்வொன்றையும் தானே தொடங்க வேண்டும், இந்த நோயில் மிகக் கடினமானதும் அந்தத் தொடக்கம்தான். சிரித்த முகத்தோடு ஒரு பகலைக் கடத்துவதற்கே அன்றைய தெம்பு முழுவதும் செலவாகிவிடுகிறது. அவர் வீட்டில் மட்டும் வேடம் போடாமல் இருக்கிறார் என்றால், உங்கள் இருவரிடமும் அவருக்கு அந்த நம்பிக்கை இருக்கிறது என்று பொருள்.

பதில்: காலைநடை

எனக்கு மிகவும் உதவியது உடற்பயிற்சி. உங்கள் அக்காவை அதிகாலையிலேயே எழுப்பி, தினமும் ஒரு மணி நேரம் நடக்க வையுங்கள். மனத்துக்கு நல்ல எண்ணங்களைப் பழக்கினால், கடந்துபோன மகிழ்ச்சியான நாட்களை நினைத்துப் பார்க்கச் சொன்னால், மாத்திரை இல்லாமலேயே சரியாகிவிடும் என்பது என் நம்பிக்கை.

பதில்: அகநோக்கு

நான் மருத்துவ உளவியல் துறையில் பணிபுரிகிறேன். நேரில் பார்க்காத ஒருவரைப் பற்றி நான் எதுவும் முடிவாகச் சொல்ல முடியாது. நோயின் பொதுவான இயல்பை விளக்கலாம். அதற்கு முன் ஒரு வேண்டுகோள்: மருத்துவர் தொடங்கிய மாத்திரையை, மேலே உள்ள பதிலைப் படித்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். உடற்பயிற்சி உதவும் என்பது உண்மை. மிதமான மனச்சோர்வில் அதன் பயனுக்கு நல்ல சான்றுகள் உள்ளன. ஆனால் மருந்து தேவைப்படும் நிலையில் இருப்பவருக்கு அது மருந்துக்கு ஈடாகாது.

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-ல் வெளியிட்ட ஐந்தாம் பதிப்பு நோயறிதல் கையேடு, மனச்சோர்வுக்கு 9 அறிகுறிகளைக் கூறுகிறது. அவற்றில் குறைந்தது ஐந்து, ஏறக்குறைய ஒவ்வொரு நாளும், தொடர்ந்து இரண்டு வாரங்களுக்கு இருக்க வேண்டும். அந்த ஐந்தில் ஒன்று தாழ்ந்த மனநிலையாகவோ எதிலும் நாட்டமின்மையாகவோ இருக்க வேண்டும். அதாவது ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லாமலும் ஒருவருக்குக் கடுமையான மனச்சோர்வு இருக்க முடியும். மற்றவை தூக்கம், பசி, உடலசைவின் வேகம், களைப்பு, தான் எதற்கும் பயனற்றவர் என்ற எண்ணம், கவனக் குறைவு, சாவைப் பற்றிய நினைவு ஆகியவற்றைச் சேர்ந்தவை. இவற்றால் அன்றாடச் செயல்பாடு பாதிக்கப்பட்டிருக்கிறதா அல்லது பெரும் வேதனை ஏற்பட்டிருக்கிறதா என்பதையும் மருத்துவர் பார்க்க வேண்டும். மருத்துவமனைகளில் பரவலாகப் பயன்படும் பிஎச்கியூ-9 என்ற வினாத்தாளில் 9 அறிகுறிகளையும் கேட்ட பிறகு, இவற்றால் வேலை பார்ப்பதும், வீட்டுக் காரியங்களைக் கவனிப்பதும், பிறரோடு பழகுவதும் எவ்வளவு கடினமாகியிருக்கின்றன என்று தனியே ஒரு கேள்வி இருக்கிறது. உங்கள் வீட்டுத் துணிக்கூடை அந்தக் கேள்விக்கான பதிலில் சேரும். அதை மருத்துவரிடம் சொல்லத் தயங்காதீர்கள்.

கவனமும் நினைவும் எப்படி மாறுகின்றன என்பதைக் குடும்பத்தினர் பெரும்பாலும் அறிவதில்லை. ஒரு பத்தியைப் படித்து முடிக்கும்போது அதன் முதல் வரி நினைவில் நிற்காது. இரண்டு சட்டைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதற்கே நெடுநேரம் ஆகும். எளிய படிவம் ஒன்று நிரப்பப்படாமல் மேசையில் கிடக்கும். முதியவர்களிடம் இது மறதி நோய் என்று பிழையாகக் கருதப்படும் அளவுக்குப் போவதுண்டு. பிரிட்டிஷ் உளவியலாளர் மார்க் வில்லியம்ஸ் 1986-ல் சக ஆய்வாளர் ஒருவருடன் வெளியிட்ட ஆய்வு, தற்கொலைக்கு முயன்றவர்களிடம் ஒரு சொல்லைக் கொடுத்து, அது தொடர்பான ஒரு குறிப்பிட்ட நிகழ்ச்சியை நினைவுகூரச் சொன்னபோது, அவர்கள் மற்றவர்களைவிட அதிகமாகப் பொதுப்படையாகவே பதில் சொன்னதைக் காட்டியது. மனச்சோர்வு உள்ளவர்களிடமும் பின்னர் இதே இயல்பு பலமுறை கண்டறியப்பட்டது. மகிழ்ச்சியான ஒரு நாளைச் சொல்லுங்கள் என்றால், "சின்ன வயதில் நன்றாக இருந்தேன்" என்பதற்கு மேல் எதுவும் அகப்படாது. ஆகவே பழைய நல்ல நாட்களை நினைத்துப் பார் என்ற அறிவுரை, நல்லெண்ணத்தோடு சொல்லப்பட்டாலும், இன்னொரு தோல்வியாகவே அவருக்குப் படக்கூடும்.

அதிகாலையில் எழுப்புவதும் அப்படித்தான். ஒரு வகை மனச்சோர்வில், வழக்கமான நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே விழிப்பு வந்துவிடும். காலையில் மனம் மிகக் கனத்திருந்து, மாலைக்குள் சற்றே இறங்கும். வேறு சிலருக்கு இதற்கு மாறாகத் தூக்கமும் பசியும் கூடி, கைகால்களில் ஈயத்தைக் கட்டியதுபோன்ற கனம் இருக்கும். உங்கள் அக்காவுக்கு எந்த நேரம் சற்று இலகுவாக இருக்கிறது என்பதை அவரிடமே கேட்டு, அந்த நேரத்தில் அவருடன் பத்து நிமிடம் நடந்துவந்தால் போதும்.

மனம் சரியானதும் வேலைகளைச் செய்யலாம் என்று காத்திருப்பது இயல்பே. ஆனால் செயல் குறையும்போது வாழ்க்கையிலிருந்து கிடைக்கும் சிறு நிறைவுகளும் குறைகின்றன, அதனால் மனம் மேலும் தாழ்கிறது, தாழ்ந்த மனம் செயலை மேலும் குறைக்கிறது என்ற சுழலை 1970-களில் அமெரிக்க உளவியலாளர் பீட்டர் லெவின்சோன் விளக்கினார். இந்த அடிப்படையில் வளர்ந்த சிகிச்சை முறையில், மனநிலைக்குக் காத்திராமல், முன்கூட்டியே திட்டமிட்ட மிகச் சிறிய செயலை முதலில் செய்து, அதற்குப் பின் மனம் எப்படி இருந்தது என்று குறித்துக்கொள்வார்கள். 440 பேர் பங்கேற்ற ஒரு பிரிட்டிஷ் ஆய்வு 2016-ல் லான்செட் மருத்துவ இதழில் வெளியானது. எண்ணங்களைத் திருத்தும் நடத்தைச் சிகிச்சைக்கு இந்த எளிய முறை பலனில் குறைந்ததல்ல என்று அது காட்டியது. 'மிகச் சிறிய' என்பதை நான் அழுத்திச் சொல்கிறேன். துணி முழுவதையும் காயப்போடுவது பெரிய இலக்கு. இயந்திரத்தின் கதவைத் திறந்து ஒரு சட்டையை மட்டும் எடுப்பது சரியான இலக்கு.

மருந்தின் முழுப் பலன் தெரியப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். நலமடைந்த பிறகும் குறைந்தது ஆறு மாதமாவது தொடரச் சொல்வார்கள். நிறுத்துவதாக இருந்தால் மருத்துவர் சொல்லும் விதத்தில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். தைராய்டு குறைபாடு, இரத்தசோகை, பி12 வைட்டமின் குறைபாடு ஆகியவையும் இதே போன்ற களைப்பைத் தரும் என்பதால், இரத்தப் பரிசோதனை செய்யப்பட்டதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பதில்: கைத்துணை

என் மனைவி இந்த நோயிலிருந்து மீண்டுவந்தபோது பக்கத்தில் இருந்தவன் என்ற முறையில், வீட்டு நடப்பைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

"ஏதாவது வேண்டுமென்றால் சொல்" என்பது அன்பான வார்த்தைதான். ஆனால் எது வேண்டும் என்று யோசித்து, அதைக் கேட்கும் கூச்சத்தையும் தாண்டி, வாய்விட்டுச் சொல்வது நோயாளிக்குப் பெரிய வேலை. அதற்குப் பதிலாக, "நான் துணியை எடுக்கப் போகிறேன், நீ கிளிப்பை மட்டும் எடுத்துக் கொடுக்கிறாயா?" என்று கேட்டுப் பாருங்கள். முடியாது என்றால், சரி என்று சொல்லிவிட்டு நீங்களே செய்யுங்கள். முகம் சுளிக்க வேண்டாம், பிறகு அதைச் சொல்லிக்காட்டவும் வேண்டாம். ஆனால் எல்லாவற்றையும் அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொள்ளாதீர்கள். தன்னால் இந்த வீட்டில் எந்தப் பயனும் இல்லை என்று ஏற்கெனவே நினைப்பவருக்கு, அது உண்மைதான் என்று நாமே உறுதிப்படுத்தியதாகிவிடும்.

பாராட்டிலும் நிதானம் தேவை. குளித்துவிட்டு வந்தவரைப் பார்த்து வீடே கைதட்டினால், இவ்வளவு சிறிய காரியத்துக்கா பாராட்டு என்று அவருக்கு வலிக்கும். என் மனைவிக்குப் பிடித்தது, நான் பக்கத்தில் என் வேலையைப் பார்த்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்ததுதான் என்று பின்னால் சொன்னார்.

எரிச்சலுக்கும் தயாராக இருங்கள். கதவு சற்று ஓசையாக மூடினாலே சீறி விழுவார். பிறகு அதற்காகத் தன்னையே வெறுப்பார். கட்டணங்கள், கடைசித் தேதிகள் போன்றவற்றை அவருடைய சம்மதத்தோடு சில மாதங்களுக்கு நீங்கள் கவனித்துக்கொண்டால், நலமடைந்து எழும்போது அபராதங்களும் நிலுவைகளும் அவரை மறுபடியும் அமுக்காமல் இருக்கும். உங்கள் அம்மாவும் ஓய்வெடுக்க வேண்டும். வாரத்தில் ஒரு மாலையாவது அவர் இந்தக் கவலையிலிருந்து விலகி இருக்கும்படி நீங்கள் ஏற்பாடு செய்யுங்கள்.

கேள்வி கேட்டவர்: இளவல்

எல்லாருக்கும் என் நன்றி. நெடுவழி அவர்களின் பதிலை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். பற்பசையைப் பற்றிய இடத்தில் நிறுத்தச் சொல்லி, மறுபடியும் ஒருமுறை படிக்கச் சொன்னார்.

முதலில் எழுதத் தயங்கிய ஒன்றை இப்போது கேட்கிறேன். சில நாட்களுக்கு முன் அக்கா, "நான் இல்லாமல் போனால் உங்கள் இரண்டு பேருக்கும் பாரம் குறையும்" என்றார். நாங்கள் பேச்சை மாற்றிவிட்டோம். அதைப் பற்றி நாங்களாகக் கேட்டால், இல்லாத எண்ணத்தை ஏற்படுத்திவிடுவோமோ என்று அஞ்சுகிறோம்.

பதில்: அகநோக்கு

கேளுங்கள், இன்றே கேளுங்கள். தற்கொலையைப் பற்றி நேரடியாகக் கேட்பது அந்த எண்ணத்தை விதைப்பதில்லை என்பது ஆய்வுகளில் தெளிவாகியிருக்கிறது. பலருக்கு அதைப் பேச ஒருவர் கிடைத்ததே நிம்மதியாக இருக்கும். சுற்றிவளைக்காமல், "அக்கா, அன்றைக்கு நீங்கள் சொன்னதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். செத்துவிட வேண்டும் என்று தோன்றுகிறதா? எப்படி என்றும் யோசித்திருக்கிறீர்களா?" என்று அமைதியாகக் கேளுங்கள். அவர் என்ன சொன்னாலும் அதிர்ச்சியைக் காட்டாதீர்கள், வாதாடாதீர்கள், யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியமும் செய்யாதீர்கள்.

வழிமுறையைப் பற்றி யோசித்திருப்பதாகச் சொன்னால் அவரைத் தனியே விடாமல் உடனே அவசர சிகிச்சைக்கு அழைத்துச் செல்லுங்கள். அப்படி இல்லை என்று சொன்னாலும் மருத்துவரை இன்றே தொலைபேசியில் அழைத்து, அக்கா சொன்ன வாக்கியத்தை அப்படியே தெரிவியுங்கள். அடுத்த சந்திப்புவரை காத்திருக்க வேண்டாம். மாத்திரை தொடங்கிய முதல் வாரங்களிலும் அளவை மாற்றும்போதும் கண்காணிப்பு நெருக்கமாக இருக்க வேண்டும், குறிப்பாக 25 வயதுக்குட்பட்டவர்களுக்கு. வீட்டில் உள்ள எல்லா மாத்திரைகளையும், அம்மாவுடையவை உட்பட, நீங்கள் எடுத்துப் பூட்டி வைத்து, அன்றன்றைக்கு உரியதை மட்டும் கொடுங்கள்.

மருத்துவரிடம் பேசும்போது இன்னொன்றையும் சொல்லுங்கள்: முன்பு எப்போதாவது அக்கா பல நாட்கள் மிகக் குறைந்த தூக்கத்திலும் களைப்பே தெரியாமல், அளவுமீறிய உற்சாகத்தோடும் செலவோடும் இருந்ததுண்டா என்பதை அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இருந்திருந்தால் நோயே வேறாக இருக்கலாம், மருந்தும் மாற வேண்டியிருக்கும்.